ஐந்து நிமிட வேலையாம்!

"அஞ்சு நிமிஷ வேலை சார், இதுக்குப் போய் இவ்வளவு புலம்பலா?"

வெளிநாட்டு வருகைப் படிவங்களைப் பற்றி யார் வாய் திறந்தாலும் இந்தப் பதில் தயாராக இருக்கிறது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் மருமகன் சொல்கிறான், டிராவல்ஸ்காரர் சொல்கிறார், பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். காகிதம் மிச்சம், வரிசை குறைவு, காசும் கிடையாது, குறை சொல்பவர்கள் காலத்தோடு ஒட்டத் தெரியாதவர்கள் என்று அதற்கு உபரி நியாயங்களும் உண்டு. நானும் இதையே நாலு பேரிடம் சொல்லித் திரிந்தவன்தான், பெரியம்மாவுக்காக ஒரு படிவத்தின் முன்னால் உட்காரும் வரைக்கும்.

பெரியம்மா 1957-இல் பிறந்தவர். மகளின் பிரசவத்துக்குத் துணையாகத் திருச்சியிலிருந்து விமானம் ஏற வேண்டும். எந்த நாட்டுப் படிவம் என்பது இங்கே வேண்டாம், குறை அந்த ஒரு நாட்டோடு நிற்பதில்லை. போய் இறங்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னால்தான் அந்தப் படிவம் திறக்கும். பெட்டி கட்டியாயிற்று, பிரசவ லேகியத்தை மூன்று உறை போட்டுச் சுற்றியாயிற்று. இரவு ஒன்பது மணிக்கு என் கைப்பேசியோடு உட்கார்ந்தோம்.

முதல் கட்டமே குடும்பப் பெயர். பெரியம்மாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. தன் பெயர், அப்பா பெயர் இரண்டும் சேர்ந்து கீழே 'கொடுக்கப்பட்ட பெயர்' என்ற வரியில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பாஸ்போர்ட் வீட்டுக்கு ஒன்று தேறும். படிவத்தில் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம், அதாவது விட்டுவிட்டு நகர முடியாது. புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை. கோடு போட்டேன், ஏற்கவில்லை. கட்டத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை வேறு: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புக. பாஸ்போர்ட்டில் இல்லாததைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி நிரப்புவது எப்படி என்று அந்தச் சின்ன எழுத்து சொல்லவில்லை. கடைசியில் தாத்தாவின் பெயரை மேலே தூக்கிப் போட்டேன். அது பச்சையானது.

அடுத்தது பிறந்த தேதி. தட்டச்சு செய்ய விடாத நாள்காட்டி அது. நடப்பு மாதத்தைக் காட்டிக்கொண்டு, இடப்பக்கம் ஓர் அம்புக்குறியோடு நிற்கிறது. ஒரு தட்டுக்கு ஒரு மாதம். 68 வருடத்துக்கு 816 தட்டு. வருடத்தின் மேல் விரலை வைத்தால் வேறொரு பட்டியல் விரியும் என்பது நூறு தட்டுக்கு மேல் ஆன பிறகு தற்செயலாகத் தெரிந்தது. பிறகு மின்னஞ்சல் கேட்டது. பெரியம்மாவுக்கு அது கிடையாது, என்னுடையதைக் கொடுத்தேன். தங்கும் வீட்டின் அஞ்சல் குறியீட்டுக்காக மகளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு, அவள் பதில் வருவதற்குள் திரை மாறிவிட்டது: நேரம் முடிந்தது, மறுபடி தொடங்கவும். மறுபடி தொடங்கினோம். எல்லாம் முடிந்தபோது மணி பத்தாகப் பத்து நிமிடம்.

"ஏம்ப்பா, அந்த ஊர்ல என்னைய வேண்டாங்குறாங்களா?" என்றார் பெரியம்மா.

அந்த ஐந்து நிமிடம் யாருடைய கைக்கடிகாரத்தில் ஓடுகிறது என்பதுதான் என் கேள்வி. இரண்டு துண்டாக நறுக்கிய பெயர், சொந்த மின்னஞ்சல், ஆங்கிலம், திரையில் பழகிய விரல், அறுந்து போகாத இணையம் எல்லாம் இருக்கிறவருக்கு அது ஐந்து நிமிடம்தான், நான் மறுக்கவில்லை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நேரம் நீள்கிறது. இரண்டு குறைந்தால் வேலை இன்னொருவர் கைக்குப் போகிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகும் விமானங்களில் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பேரன் பிறந்ததைப் பார்க்கப் போகும் பாட்டிகள், கட்டட வேலைக்குப் போகிற பையன்கள், பத்துமலைக்கு நேர்ந்துகொண்டவர்கள். சிலர் அல்ல, பாதி விமானம் அவர்கள்தான். விதிவிலக்கு என்று அவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் போடும் சராசரிக் கணக்கு என்ன கணக்கு?

'காகிதம் மிச்சம்' என்ற வாதத்துக்கு வருவோம். கேட்பதற்கு மிக நியாயமாக இருப்பது இதுதான். நெருங்கிப் பார்த்தால் மிக வலுவற்றதும் இதுதான். தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கொடுத்து வந்த டிஎம்6 என்ற காகித அட்டையை 2022 ஜூலையிலேயே அவர்கள் நிறுத்திவைத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட மூன்று வருடம் விமானப் பயணிகள் எந்த அட்டையும் எழுதாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். 2025 மே 1 முதல் மின்படிவம் கட்டாயமானது. மலேசியாவில் இடைவெளி இன்னும் பெரிது. காகித அட்டையை 2012-இலேயே ஒழித்தார்கள், மின்னட்டை 2024 ஜனவரி முதல் கட்டாயம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம் என்று அறிவித்த அதே கையோடு அது வந்து சேர்ந்தது. ஆக இந்த இரண்டு ஊர்களிலும் மிச்சம் பிடிப்பதற்குக் காகிதமே இருக்கவில்லை. செத்துப் புதைந்த படிவம் ஒன்றுக்குக் கைப்பேசியில் மறுபிறவி கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். படிவம் அச்சடிக்கக் காசு ஆகும், விநியோகிக்க ஆள் வேண்டும், அடுக்கிவைக்கக் கிடங்கு வேண்டும். அந்தச் செலவுதான் ஒரு காலத்தில் அரசுகளை 'இந்தக் கேள்வி தேவைதானா' என்று யோசிக்க வைத்தது. இப்போது கேள்வி கேட்பதற்குச் செலவே இல்லை, அதனால் யோசிப்பதும் இல்லை.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே வெள்ளை அட்டை உண்மையிலேயே போய்த்தான் மின்படிவம் வந்தது. சாங்கி விமான நிலையத்தில் வரிசை வேகமாக நகர்கிறது என்பதும் உண்மை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் திருச்சியில் காகிதம் மிச்சமானதா என்று எந்த ஜெராக்ஸ் கடைக்காரரையாவது கேளுங்கள். பெரியம்மாவின் கைப்பையில் டிராவல்ஸ்காரர் கொடுத்த பிளாஸ்டிக் உறை. அதற்குள் டிக்கெட் இரண்டு பிரதி, காப்பீடு ஒரு பிரதி, படிவத்தின் ஒப்புகை இரண்டு பிரதி. "எதுக்கும் இருக்கட்டும்மா, கவுன்டர்ல போனைக் கேட்டு, சார்ஜ் இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார் அவர். அவர் சொல்வதும் சரிதான். முன்பு உள்ளங்கை அகல அட்டை ஒன்று போதும். இப்போது ஏ4 தாள் ஐந்து.

அந்த அட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் அதைக் கேலி செய்யாதவர் இல்லை. தரையிறங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் பணிப்பெண் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். உடனே விமானத்துக்குள் ஒரு பேனாப் பஞ்சம் தொடங்கும். "தம்பி, கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு கை நீளும். சட்டைப் பையில் பேனா வைத்திருந்த குற்றத்துக்காக ஒரே பயணத்தில் எட்டுப் பேருக்கு எழுதியிருக்கிறேன். தப்பாக எழுதினால் அடித்துவிட்டு மேலே எழுதலாம். ஒரு கட்டம் புரியவில்லையா, விட்டுவிடலாம். கீழே உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்த்து, முறைத்து, தன் பேனாவால் தானே நிரப்பிக்கொள்வார். கட்டட வேலைக்குப் போன பையன்களை அதிகாரிகள் எடுத்தெறிந்து பேசியதையும் பார்த்திருக்கிறேன், அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் கதை விட வரவில்லை. அட்டையில் தப்பு இருந்தாலும் ஆள் கவுன்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்தார் என்கிறேன். மின்படிவம் அந்த ஆளை வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்திவிடுகிறது.

இதில் வேடிக்கை, பழைய ஏற்பாட்டுக்கு விதியே இருந்தது. விமானப் போக்குவரத்துக்கான 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 9-ஆம் பின்னிணைப்பு பயணிகளின் வசதியைப் பற்றியது. வருகை அட்டை கேட்கும் நாடு, படிக்கும்படியான கையெழுத்தை ஏற்க வேண்டும், அட்டையை விமான நிறுவனங்களுக்கு விலையில்லாமல் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கோணல்மாணலாக எழுதுகிறவனுக்கும் உலக அளவில் ஒரு பாதுகாப்பு இருந்தது என்று அர்த்தம். புள்ளி வைத்தால் சிவக்கும் கட்டத்துக்கு எதிராக நமக்கு என்ன பாதுகாப்பு?

"வீட்டுல பசங்க இருக்காங்களே, போட்டுக் கொடுக்க மாட்டாங்களா?" என்பார்கள். போட்டுக் கொடுப்பார்கள். அதற்கு அரசுகள் நன்றி சொல்கின்றனவா, சம்பளம் கொடுக்கின்றனவா? ஒரு குமாஸ்தா பார்த்த வேலை இன்று பயணியின் பேரன் தலையில் இருக்கிறது. பேரன் இல்லாதவருக்கு பிரவுசிங் சென்டர். அங்கே இருப்பவர் தன் மின்னஞ்சலையும் தன் கைப்பேசி எண்ணையுமே போட்டு வேலையை முடிக்கிறார். ஒப்புகை அவருக்கு வருகிறது. திருத்தம் வேண்டுமென்றால் அவர் கடை திறந்திருக்க வேண்டும். படிவத்தின் கடைசியில் ஒரு சின்னச் சதுரம் வரும்: மேலே சொன்னதெல்லாம் உண்மை, பொய்யானால் சட்ட நடவடிக்கைக்கு உட்படுவேன். சதுரத்தைத் தட்டுவது கடைக்காரர் விரல், உட்படுவது பாட்டி. இதைப் படித்துக் காட்டி அவர் சம்மதம் கேட்ட கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. பெரியம்மாவிடம் நானும் கேட்கவில்லை.

இலவசம் என்ற வாதம் இன்னும் விந்தையானது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றின் வருகைப் படிவங்களுக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் தேடுபொறியில் போட்டால், அரசுத் தளம் போலவே கொடியும் முத்திரையும் வைத்த தளங்கள் வந்து நின்று கட்டணம் கேட்கின்றன. சிங்கப்பூரும் தாய்லாந்தும் இவற்றைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கின்றன. எங்கள் தெருவில் ஒருவர் நான்கு பேர் குடும்பத்துக்கு இப்படிப் பணம் கட்டிவிட்டு, ரசீதைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தார். "முகவரியைச் சரியாப் பார்க்க வேண்டாமா?" என்று அவரையே குறை சொன்னார்கள். சரி, பார்ப்போம். சிங்கப்பூர் அரசின் முகவரி டாட் கவ் டாட் எஸ்ஜி என்று முடியும். தாய்லாந்தினுடையது கவ் இல்லை, டாட் கோ டாட் டிஎச். மலேசியாவினுடையது இமிகிரெசென் என்ற மலாய்ச் சொல்லில் தொடங்கி, நடுவில் ஒரு சிறுகோடு வைத்து, ஆன்லைன் டாட் ஐஎம்ஐ டாட் கவ் டாட் எம்ஒய் என்று போகும். எது அசல் போல இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். விமானத்தில் கொடுத்த காகித அட்டைக்குப் போலி அடித்து யாரும் விற்றதில்லை, விற்றிருந்தால் வாங்கவும் ஆள் இல்லை.

பெயர்ச் சிக்கலுக்குத் திரும்பி வருகிறேன், நம்மவர்களுக்கு அதுதான் பெரிய அடி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா, பார்வையாளர் விசாவில் நுழைய முடியாது என்றது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், 'கொடுக்கப்பட்ட பெயர்' வரி காலியாக இருப்பவர்கள் எஃப்என்யூ என்று எழுத வேண்டும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்களுக்கும் ஊருக்கும் தெரிந்த பெயர்தான், படிவத்துக்குத்தான் தெரியவில்லை. விசாவில் ஒட்டிக்கொண்ட அந்த மூன்றெழுத்து அங்கே போய் ஓட்டுநர் உரிமத்திலும் ஏறிக்கொண்டு, எஃப்என்யூ என்றே அழைக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே படிவத்தில் ஓர் இடம் மட்டும் எனக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிவிட்டு, தாய்மொழி எழுத்தில் உங்கள் முழுப்பெயர் என்ன என்று ஒரு கட்டம் கேட்கும். தமிழில் எழுதக் கிடைக்கும் ஒரே இடம். பக்கத்திலேயே ஒரு சதுரம்: 'பொருந்தாது / தொழில்நுட்ப வசதி இல்லை'. எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் அந்தச் சதுரத்தைத்தான் தட்டியிருக்கிறார்கள். பாதியில் எழுந்து போனால் இருபது நிமிடத்தில் படிவம் மூடிக்கொள்ளும் என்ற பயத்தில் யாருக்குத் தமிழ் விசைப்பலகை ஞாபகம் வரும்?

கடைசி ஆயுதமாகப் பாதுகாப்பைச் சொல்வார்கள். யார் வருகிறார்கள் என்று ஒரு நாடு தெரிந்துகொள்ள வேண்டாமா? வேண்டும். ஆனால் அது படிவத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. உங்கள் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, வரிக்கு 44 எழுத்து, நடுநடுவே அம்புக்குறி போட்டு. அதைத்தான் கவுன்டரில் இழுக்கிறார்கள். பெயர், எண், நாடு, பிறந்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பல நாடுகள் அந்த விவரத்தை விமான நிறுவனத்திடமிருந்து முன்கூட்டியே வாங்கிக்கொள்கின்றன. இறங்கியதும் அதிகாரி இன்னொரு முறை இழுக்கிறார், கைரேகை எடுக்கிறார், படம் எடுக்கிறார். இத்தனைக்கும் நடுவில், அதே விவரத்தைப் பெரியம்மாவின் மகன் முறையான ஒருவன் இரவு ஒன்பது மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தட்டச்சு செய்வதால் எந்த நாட்டின் பாதுகாப்பு கூடுகிறது? சுழியத்துக்கும் ஓ எழுத்துக்கும் குழம்பி ஒரு தப்பு கூடலாம். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்தாலே கட்டங்கள் தாமாக நிரம்பும் வசதி சில படிவங்களில் இருக்கிறது. சிலவற்றில் முடிவது எல்லாவற்றிலும் முடிய வேண்டாமா?

தங்குமிட முகவரி பாஸ்போர்ட்டில் இல்லையே என்றால், சரி, அதை மட்டும் கேளுங்கள். டிஎஸ்-160 இன்னும் ஒரு படி மேலே போய், நீங்கள் உளவு பார்க்க வருகிறீர்களா, பயங்கரவாத அமைப்பில் உறுப்பினரா என்றும் கேட்கிறது. பொய் சொன்னவரைப் பின்னால் சட்டப்படி வெளியேற்ற அந்தப் பதில் உதவும் என்று வக்கீல்கள் விளக்குவார்கள். இருக்கட்டும். ஆம் என்று தட்டிவிட்டு வருகிற உளவாளியை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

மின்மயமானாலே நிர்வாகம் சீராகிவிடும் என்று நம்புகிறவர்கள் பக்கத்து இலங்கையின் 2024-ஐ ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருந்த மின் பயண அனுமதி முறையை எடுத்துவிட்டு, ஏப்ரல் 17 முதல் தனியார் நிறுவனங்களின் கையில் புதிய இணைய விசாவைக் கொடுத்தார்கள். விசாக் கட்டணத்துக்கு மேல் சேவைக் கட்டணம் சேர்ந்தது. மே தொடக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவர் கவுன்டர் முன் நின்று கத்திய காணொளி நாடு முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் பழைய முறை திரும்பவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று குடிவரவுத் திணைக்களத்தின் தலைமை அதிகாரியைச் செப்டம்பரில் விளக்கமறியலில் வைத்த பிறகுதான் பழைய முறை திரும்பியது. ஒரு படிவத்தை மாற்றியதற்கும் மாற்ற மறுத்ததற்கும் நடுவில் ஒரு கோடைகாலமே போனது. புலம்பெயர்ந்த தமிழர்கள் ஊர்த் திருவிழாக்களுக்கு வரும் கோடைகாலம் அது.

இணையமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசியில் முடிக்கத் தெரிந்தவர் முடித்துவிட்டுப் போகட்டும். தெரியாதவருக்கு விமான நிலையத்தில் ஒரு மேசை, ஓர் ஆள், ஒரு பேனா. குடும்பப் பெயர்க் கட்டத்தின் சிவப்பு நட்சத்திரத்தை அழித்துவிடுங்கள். பாதியில் நின்ற படிவம் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. ஒரு படிவம் வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அரசுகளால் முடியும். விமானத்தில் வெளிநாடு போகும் இந்தியர்கள் நிரப்பிவந்த புறப்பாட்டு அட்டையை 2017 ஜூலை 1-ஆம் தேதி இந்திய அரசே ஒழித்தது. வேறு வழியில் அதே விவரம் கிடைக்கிறது என்றுதான் காரணம் சொன்னார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2025 அக்டோபர் 1 முதல் நாமும் ஒரு மின்வருகை அட்டை வைத்திருக்கிறோம். பினாங்கிலிருந்து பழனிக்கு வரும் மலேசியத் தமிழ்ப் பாட்டிக்கு யாரோ ஒரு பேரன் இப்போது அதை நிரப்பிக்கொண்டிருப்பான்.

பெரியம்மா நல்லபடியாகப் போய்த் திரும்பி வந்துவிட்டார். கவுன்டரில் படிவத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையாம், பாஸ்போர்ட்டை இழுத்தார்கள், கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள், அனுப்பிவிட்டார்கள். பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்போது மறுபடி போக வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்னால் அந்தப் படிவத்தை மறுபடி திறக்க வேண்டும். போன தடவை நிரப்பியதில் ஓர் எழுத்துகூட அதில் இருக்காது.